துடைப்பத்துக்கு ஒரு பாடு

என் சிறுவயதுக் கதையைச் சொல்லும்போதெல்லாம், அத்தையைத் தோப்பிலிருந்து விரட்டியது யார் என்று என் மகள் கேட்கிறாள். தாத்தாவா என்றும் கேட்கிறாள். இல்லை என்று சொல்லத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.

எண்ணூரில் சர்க்கார் வைத்த சவுக்குத் தோப்புக்கு என் அப்பா காவலர், ஊரார் வாயில் 'கார்டு'. தோப்பின் ஓரத்திலேயே எங்கள் வீடு. மீனவர் குப்பத்துப் பெண்கள் அடுப்புக்குச் சருகு கூட்ட வருவார்கள். சட்டப்படி அது குற்றம். அப்பா தடியோடு ஓடுவார், அவர்கள் கூடையோடு ஓடுவார்கள். மனக்கசப்பு முற்றி, புதிதாக நட்ட கன்றுகளை ஒரு நாள் யாரோ வரிசையாகப் பிடுங்கிப் போட்டார்கள். அப்பாவின் வேலைக்கே ஆபத்து வரும்போல் இருந்தது. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

அத்தை எங்களுக்கு உறவில்லை. குப்பத்தில் தனியாக இருந்த விதவை. சருகை மூட்டை கட்டித் திருவொற்றியூரில் விற்றுத்தான் பிழைத்தாள். அப்பாவை அதிகம் ஓடவிட்டவளும் அவள்தான். ஓடிக்கொண்டே, "மூச்சு வாங்குது பாரு கார்டு, செத்த குந்திக்கினு அப்புறமா தொரத்து" என்பாள். அப்பா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்குள் அவள் மறைந்துவிடுவாள்.

அப்பாவுக்கு மேலதிகாரியாகப் புதிதாக வந்த வனத்துறை ரேஞ்சர் நல்லவர். வழக்குப் போடுவதை விட்டுவிட்டுக் குப்பத்தாரையே கூப்பிட்டுப் பேசினார். கழிமுகத்தில் யார் எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு அவர்களிடம் பாடு என்றொரு முறை உண்டு. ஆளுக்கொன்றாக அடையாளமிட்ட கிளிஞ்சல்களைப் பானையில் போட்டு, சீட்டுக் குலுக்குவதுபோல் எடுப்பார்கள். அதற்குமேல் யாரும் சண்டை போடுவதில்லை. தோப்புக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், கன்றுகளுக்கு நீங்களே காவல், சருகு உங்களுக்கு, பங்கு பிரிப்பதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்றார்.

பாடு எடுத்த அன்று நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து ஆண்களுக்கு நடுவே நின்றாள்.

"நீ இன்னாத்துக்கு வந்தே? வலை கீறவனுக்குத்தான் பாடு" என்றார் குப்பத்துத் தலைவர்.

"சருவு கூட்ட வலை எதுக்கு நைனா? தொடப்பம் கீது. அதுக்கு ஒரு பாடு குடு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் அவளைத் திட்டவில்லை. அவளுக்கென்று கிளிஞ்சலும் போடவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். தலையிடுவதில்லை என்பது ரேஞ்சர் கொடுத்த வாக்கு. அப்பா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்றுகள் வளர்ந்தன. மேலதிகாரிகள் அப்பாவைப் பாராட்டினார்கள். அம்மா பழையபடி சாப்பிட்டாள். அத்தை கூடையோடு வந்தபோது, முன்பு அவளோடு சேர்ந்து ஓடிய பெண்களே, "இது எங்க வூட்டுப் பாடு, போக்கா" என்றார்கள். எங்கள் கொல்லையில் இருந்த மரங்களின் கீழாவது கூட்டிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. அத்தை கூட்டினாள். கூடையில் பாதிகூட நிறையவில்லை.

"உங்க நைனா இப்பல்லாம் தொரத்தறதே இல்ல, பாத்தியா" என்றாள் என்னிடம்.

"நல்லதுதானே அத்தை" என்றேன்.

அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு வரவில்லை. பட்டணத்துக்கு வேலை தேடிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். விரட்டுகிறவர் விரட்டுவதை நிறுத்தினால் ஒருத்தி ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது விளங்குகிறது; அதை ஐந்து வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. யாரும் விரட்டவில்லை என்றால் பொய் சொன்னதுபோல் இருக்கிறது. எல்லோரும்தான் என்றால், தாத்தாவின் மடியில் உட்காரத் தயங்குவாளோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளை வளர்த்து அனுபவப்பட்ட சகோதரிகளே, நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.