417-ஆம் இலக்க ஆலா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வாப்பாவோடு கரைவலைக்குப் போனவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். அதனால் வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

ஜின் உண்டு என்று ஓதியிருக்கிறேன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடற்கரையில் வெள்ளை உருவம் கண்டேன், ஆளில்லாத மீன்வாடிக் குடிசைக்குள் யாரோ இருமினார்கள் என்று வந்து சொல்பவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. இருபத்தைந்து வருஷம் சாய்ந்தமருதுக் கடலில் இருட்டோடு தோணி தள்ளியிருக்கிறேன், ஒன்றையும் கண்டதில்லை. இனி எழுதப்போவதைக் கண்ணால் கண்டேன் என்றுகூடச் சொல்லமாட்டேன், கையில் வைத்திருந்தேன். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

ஆறு வருஷத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு துரை வந்தார். கடல் பறவைகளை ஆராய்கிறவர், ஊரில் அவருக்கு ஆலாத் துரை என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆலா என்பது கடலில் தலைகீழாகப் பாய்ந்து மீன் கொத்துமே, அந்த வெள்ளைப் பறவை. ஆலாக் கூட்டம் எங்கே சுற்றுகிறதோ அங்கே மீன் இருக்கும், அதைப் பார்த்துத்தான் நாங்கள் வலை வளைப்போம், ஆகையால் எங்களில் யாரும் ஆலாவுக்குக் கல்லெறிய மாட்டோம். அதில் சின்ன இனம் ஒன்று ஒலுவில் பக்கம் ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்து மணல்திட்டில் முட்டையிடும். கூடு கட்டாது, வெறும் மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். முட்டையை மிதிக்காமல் அந்தத் திட்டில் நடக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை கேட்க, என்னைக் காட்டிவிட்டார்கள்.

என் வேலை குஞ்சைப் பிடித்துக் கொடுப்பது. துரை அதன் காலில் இலக்கம் வெட்டிய சின்ன அலுமினிய வளையம் ஒன்றைக் குறட்டால் நெரித்துப் பூட்டுவார், நான் கொப்பியில் தேதியும் இலக்கமும் எழுதுவேன். என் மனைவியின் தம்பி மீராசா தோணியில் இருந்தபடி விடாமல் கத்துவான்.

"என்ன மச்சான், என்ட ராத்தாட கையில ஒரு காப்பக் காணல்ல, ஆலாட காலுக்குக் காப்புக் கேக்குதோ?"

துரைக்குத் தமிழ் தெரியும் என்பதை மறந்துவிடுவான். துரை சிரிப்பார்.

"அலியார், முட்டை ஏன் மணல் நிறம், சொல்லு பாப்பம்?"

"அல்லாஹ் அப்பிடிப் படைச்சிரிக்கான் துரை."

"ஓம். எப்பிடிப் படைச்சான் எண்டுதான் நான் பாக்கிறன். கண்ணுக்குத் தெரிஞ்ச முட்டையெல்லாம் காகம் திண்டிட்டு. தெரியாத முட்டைதான் குஞ்சாச்சு. அந்தக் குஞ்சு இட்ட முட்டையும் அப்பிடி. எத்தனை ஆயிரம் வருஷமா இந்த மணலே முட்டைக்கு நிறம் பூசிக்கொண்டிருக்கு, யோசி."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு அது அல்லாஹ்வின் வேலையைப் பெரிதாக்கியதே தவிரச் சிறிதாக்கவில்லை.

வளையம் எதற்கு என்றும் சொல்லியிருந்தார். அந்தத் திட்டில் மீன் வாடி போட இடம் கேட்டுச் சில பெரிய ஆட்கள் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், மனுக் கொடுத்திருந்தார்கள். பறவைதானே, வேறு மணலுக்குப் போகட்டும் என்பது கச்சேரியின் கதை. இங்கே பிறந்த ஆலா மூன்று வருஷம் கழித்து முட்டையிட இதே மணலுக்கே திரும்பி வருகிறது என்று ஒரு வளையத்தைக் கொண்டு காட்டிவிட்டால் திட்டைக் காப்பாற்றலாம். துரைக்கு வேண்டியது அந்த ஒரு பறவை.

ஒருநாள் வெயில் ஏறிவிட்டது. துரை குறட்டையும் வளையத்தையும் என்னிடம் தந்து, நீயே பூட்டு என்று சொல்லிவிட்டுத் திட்டின் மறுபக்கம் போனார். குஞ்சைப் பிடித்தேன். வழுக்கி ஓடுகிற மீனை மட்டுமே பிடித்துப் பழகிய கை என்னுடையது, பிடித்ததும் இறுகிவிடும். வளையத்தைப் பூட்டும்போது குறடும் சறுக்கி அதன் விளிம்பில் ஒரு பல் பதிந்துவிட்டது. இலக்கம் 417. கையைத் திறந்தபோது குஞ்சு என் பெருவிரலுக்கு மேல் தலையைச் சாய்த்துக் கிடந்தது. மூச்சு இல்லை. தண்ணீர் தொட்டு வைத்தேன், நிழலில் வைத்து ஊதினேன், போனது போனதுதான்.

துரையிடம் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு எழவில்லை. அவர் எறிந்திருந்த வெறும் சிகரெட் டின் ஒன்று கிடந்தது, வட்டமான டின், மூடி இறுக்கமானது. நண்டு கிண்டிக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் குஞ்சை வளையத்தோடு சுற்றி, டின்னுக்குள் வைத்து மூடி, அடம்பன் கொடி ஓரமாக முழங்கை ஆழத்தில் புதைத்தேன். கொப்பியில் 417 உயிரோடு விடப்பட்டது என்று எழுதினேன்.

மூன்று வருஷம் போனது. துரை ஒவ்வொரு வருஷமும் வந்து தேடினார், வளையம் போட்ட ஆலா ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் வருஷம் கச்சேரியில் கடைசித் தவணை சொல்லிவிட்டார்கள். நாங்கள் சுபஹு தொழுத கையோடு போய், முட்டைக் குழிக்கு மேல் கம்பிக் கூட்டைக் குச்சியால் முட்டுக் கொடுத்து வைத்து, குச்சியில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் படுத்துக் கிடப்போம். வெயில் ஏறினால் முட்டை வெந்துவிடும் என்பதால் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரு குழியில் நிற்கத் துரை விடமாட்டார்.

நாலாம் நாள் காலை அடம்பன் கொடி ஓரத்தில் ஒரு ஆலா வந்து இருந்தது. காலில் வெயில் பட்டு ஏதோ மின்னியது. கயிற்றை இழுத்தேன்.

மற்ற ஆலாவெல்லாம் பிடித்தால் கொத்திக் கையைக் கிழித்துவிடும். இது அசையவில்லை. என் பெருவிரலுக்கு மேல் தலையைச் சாய்த்து அப்படியே கிடந்தது. வளையத்தைத் திருப்பினேன். 417. விளிம்பில் குறட்டுப் பல்.

துரை துள்ளிக் குதித்தார். "அலியார்! கிடைச்சிட்டு! இண்டைக்கே கச்சேரிக்குப் போறம்!"

மீராசாவும் தோணியிலிருந்து இறங்கி ஓடி வந்தான். "மச்சான், காப்புக்காரி வந்திட்டாளா?"

பேசாமல் இருந்தால் திட்டு பிழைக்கும், துரை ஜெயிப்பார், என் கள்ளமும் வெளிவராது. ஆனால் அந்த மனிதர் ஆறாயிரம் தரம் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: பிழை எண்டு தெரிஞ்ச இலக்கத்த எழுதாத. வாழ்க்கையில் முதல் தரமாகக் கேட்காமலே வாய் திறந்தேன்.

"துரை, இந்தக் குஞ்சு மௌத்தாப் போச்சு. என்ட கையிலதான் போச்சு. நான்தான் தாட்டன்."

அவர் கோபப்படவில்லை. "இலக்கம் மாறிப்போயிருக்கும்" என்றார். மாறவில்லை, பல் இருக்கிறது என்றேன். "மயங்கிக் கிடந்திருக்கும், பிறகு எழும்பிப் போயிருக்கும்." டின்னுக்குள் வைத்து மூடினேன் என்றேன்.

"எங்க டின்?"

பறவையை விட்டோம். அது எழுந்து ஒரு வட்டம் போட்டு, நாங்கள் நிற்கும்போதே மறுபடி முட்டையில் வந்து இருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நான் கிண்டினேன். டின் இருந்தது. மூடி துருப்பிடித்து ஒட்டிப்போய், கத்தியை விட்டு நெம்பியும் வரவில்லை, மீராசாதான் கல்லால் தட்டித் திறந்தான். உள்ளே என் சாரத்துத் துண்டு, அதே நீலக் கட்டம். அதற்குள் குஞ்சின் எலும்பும் கொஞ்சம் பஞ்சு மயிரும். இரண்டு கால் எலும்பும் முறியாமல் இருந்தன. வளையம் இல்லை. மணலைச் சலித்தோம், துண்டை உதறினோம். இல்லை.

"இஞ்ச வாங்க மச்சான், போவம்" என்றான் மீராசா.

துரை டின்னைத் திருப்பித் திருப்பித் துளை தேடினார், இல்லை. பிறகு கொப்பியை வாங்கி 417-க்கு மேல் ஒரு கோடு கீறினார். "இத வச்சுக்கொண்டு நான் கச்சேரியில கதைக்க ஒண்ணா" என்றார். டின்னை என்னிடமே தந்தார். "இது உன்னட்ட இருக்கட்டும். கொழும்புக்குக் கொண்டு போனா நான் எப்பிடியும் ஒரு விளக்கம் கண்டுபிடிச்சிருவன்."

அந்த வருஷம் திட்டின் வடக்குப் பாதி வாடிகளுக்குப் போய்விட்டது. அது என் வாயால் போனது, மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வருஷமே 409-உம் 422-உம் வந்து அகப்பட்டன, சுத்தமான இலக்கங்கள். தெற்குப் பாதியில் கச்சேரி தடைப் பலகை நட்டது. மாடு விடுகிறவர்களையும் முட்டை பொறுக்குகிறவர்களையும் விரட்ட, பருவம் முழுக்க இப்போது நானே போய் இருக்கிறேன்.

417-உம் வந்தது. டின் எடுத்த பள்ளத்திலேயே முட்டையிட்டது. நான் கிட்டப் போனால் பறக்காது. போன வருஷமும் வந்தது.

இந்த வருஷம் வரவில்லை. மற்றதெல்லாம் வந்து, குஞ்சு பொரித்து, கடலோடு போயும்விட்டன. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு வலைக்கு ஈயக்குண்டு தேடிப் பரணில் கை விட்டேன், டின் அகப்பட்டது. கல்லால் தட்டியதில் நெளிந்த மூடியை அன்றைக்கே நான் கயிற்றால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தேன். முடிச்சு என் முடிச்சுத்தான், அவிழவில்லை.

எடுக்கும்போது உள்ளே ஏதோ கிணுகிணுத்தது. எலும்பு அப்படிக் கிணுகிணுக்காது, அலுமினியம்தான் அப்படிச் சத்தம் போடும். மீராசாவைக் கூப்பிட்டு அவன் காதோரம் ஆட்டிக் காட்டினேன். "திறக்காதீங்க மச்சான்" என்றான், போய்விட்டான்.

நான் திறக்கவில்லை. துரைக்குத் தபால் போட்டிருக்கிறேன், அவர் வந்து திறக்கட்டும். ஆனால் திறப்பதற்கு முன்னால் எழுதி வைக்க வேண்டும், அது அவர் எனக்குப் பழக்கியது. முதல் நாளே கொப்பியைத் தந்து சொன்னார்: "தேதி போடு அலியார். தேதி இல்லாட்டி அது வெறும் கதை."

1959 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை.