மனைவியின் பாக்கெட்டில் இருந்த கேபிள்

நாங்கள் கோலார் தங்கவயலில், நந்திதுர்க்கில் இருக்கிறோம். விண்டோஸில் திணறுகிற கேம்கள் லினக்ஸில் நன்றாக ஓடும் என்று கேள்விப்பட்டு, என் பழைய கம்ப்யூட்டரில் அதற்கென்றே புது டிஸ்க் ஒன்றை மாட்டினேன். ஏற்கெனவே இருந்த டிஸ்க்கில், போட்டோகிராபரான என் மனைவி கீதா பேத்தமங்களாவில் எடுத்த கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

இன்ஸ்டால் செய்யும்போது திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிந்தது. ஆர்வக்கோளாறில் ‘முழுவதும் அழி’ என்பதை அழுத்திவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கிறதே, அழிந்தது எது?

“கீதா, கல்யாணப் படமெல்லாம் போச்சு!” என்று கத்தினேன்.

வந்தவள் சுடிதார் பாக்கெட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்துக் காட்டினாள். “இன்னாத்துக்குக் கத்துறீங்க? நீங்க உக்கார்றதுக்கு முன்னாடியே என் டிஸ்க் கேபிளை உருவிட்டேன். மைன்ஸ்ல எங்கப்பா ஃபியூஸைப் புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கினுதான் மோட்டார்ல கை வெப்பாரு.”

அப்படியானால் அழிந்தது காலியாக இருந்த புது டிஸ்க்தான். பழைய கிராபிக்ஸ் கார்டை லினக்ஸ் தானாகவே கண்டுகொண்டது. கார் ரேஸும் திணறாமல் ஓடியது.

படங்களுக்கு இப்போது இன்னொரு பிரதி இருக்கிறது. இருந்தாலும் எதை இன்ஸ்டால் செய்வதானாலும் முதலில் அந்தக் கேபிளை உருவி கீதாவிடம் கொடுக்கிறேன். அது அவள் பாக்கெட்டுக்குள் போன பிறகுதான் மவுஸைத் தொடுகிறேன்.