அம்மா எடுத்துவந்த நடை

அப்பா செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மாடிப்படி ஏறி வந்தார்.

பெரும்பாக்கத்தில் எங்கள் வீடு மூணாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படியில் யார் வந்தாலும் கேட்கும். அப்பா பம்மலில் தோல் கம்பெனியில் லோடு தூக்கினவர். ஒரு தடவை தோல் கட்டு சரிந்து இடது கால் நசுங்கியது. அதிலிருந்து ஒரு செருப்பு இழுபடும், ஒன்று தட்டும். சர்ரக், டொக். சர்ரக், டொக்.

நான் டிவியை அணைத்தேன். தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, நானும் நுழைந்தேன். அவர் செத்தது மறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நுழைந்தேன். ஒன்பது வயது எனக்கு.

கதவு திறந்தது. அப்பாவின் செருப்பு உள்ளே வந்தது. பரண்மேல் கட்டி வைத்திருந்த அதே ரப்பர் செருப்பு. அதற்குமேல் புடவைக் கரை இருந்தது தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"இன்னாடி, அடில இன்னா பண்ற?" என்றது அம்மா. "பிராக்டீஸ் பண்ணிகினு வர்றேன்."

அம்மா மேடவாக்கத்தில் ஃபிளாட்டுகளைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் ஒரு மாஸ்டர் மேடைக் கோமாளி வேலை கற்றுக்கொடுத்தார். பொம்பளைக் கோமாளி ஒருத்தி அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு மாதம் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் மேடையில் சனம் சிரித்தால் குழுவில் இடம். சிரிக்காவிட்டால் திரும்பவும் மேடவாக்கம், துடைப்பம்.

விழுவது அம்மாவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. கை ஊன்றாமல், தலை அடிபடாமல் விழுந்ததாம். மாஸ்டருக்கே ஆச்சரியம். நடைதான் வரவில்லை.

"உன் நடைல சிரிப்பு இல்லமா. உனக்கு நல்லா தெரிஞ்ச ஒருத்தர் நடைய எடுத்துக்கினு வா" என்றிருக்கிறார்.

அம்மா அப்பாவை எடுத்துக்கொண்டது.

அந்த மாதம் பூரா அப்பா தினமும் வந்தார். ரெண்டாவது மாடியிலேயே "நான்தான்டி" என்று அம்மா குரல் கொடுக்கும். தெரிந்தும் ஒளிந்தேன். உடம்பு தானாகக் கட்டிலடிக்குப் போய்விடும். கீழ்வீட்டு அண்ணன் ஒரு நாள் வந்து நின்றார். "யக்கா, அந்தச் செருப்ப வுட்டுடு. எங்க நாய் படி ஏற மாட்டேங்குது. பேஜாரா கீது."

முதல் மேடை, ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. எங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் வந்தது. சர்ரக், டொக்.

நான் தம்பியை இழுத்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போனேன்.

பக்கத்தில் சிரித்தார்கள். செருப்பு மேடையில் நின்றது. பிறகு படி இறங்கி, நேராக என்னிடம் வந்தது. இடது முட்டியில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து ஒரு முகம் குனிந்து பார்த்தது. அப்பா கட்டிலடியில் அப்படித்தான் பார்ப்பார். வெள்ளைச் சாயம், சிவப்பு மூக்கு. அதில் அம்மாவைத் தேடினேன். இல்லை. விரல் மட்டும் நீண்டு, வா என்று மடங்கியது.

மண்டபம் அதிர்ந்தது. அப்போது அந்த முகம் தன் விரலையே திருப்பிப் பார்த்தது, யாருடையது என்பதுபோல. பார்த்துக்கொண்டே தொப்பென்று விழுந்தது. இன்னும் சிரித்தார்கள்.

"குழுல சேந்துட்டமா நீ" என்றார் மாஸ்டர், ஆட்டம் முடிந்ததும். "பொண்ணையும் தினம் கூட்டியா. அது ஒளியறது செம ஐட்டம்."

"அது வாணாம் மாஸ்டர்."

"சரி, வுடு. அவரு நடைய எப்படி இவ்ளோ கரெக்டா பாத்து வெச்ச?"

"பாக்கல மாஸ்டர். அடுப்பாண்ட நின்னுகினு கேட்டதுதான்."

"விழுறது?"

"அதுவும் அங்கயேதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தது. சாயம் விரிந்தது. செருப்பைக் கழற்றி மாஸ்டர் பெட்டியில் போட்டது. "இது இங்கயே கெடக்கட்டும். வூட்டுக்கு வாணாம்."

ஷேர் ஆட்டோவில் அம்மா வெறுங்காலோடு வந்தது.

மண்டபம் சிரித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. படியில் கேட்கும் செருப்பை வைத்தே, இன்றைக்கு அப்பா சோறு கேட்பாரா, பெல்ட்டைத் தேடுவாரா என்று எனக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும், அதனால்தான் அப்படிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.