லீவு பரவிய வேகம்

இன்று வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு நடத்தினேன். ஒரு வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்று கணக்கிடும் பாடம்.

பாதிப் பேர் தூங்கி வழிந்ததால், "நாளைக்கு மழை, காலேஜ் லீவுன்னு ஒருத்தன் கிளப்பி விடறான்னு வெச்சுக்கோங்க" என்றேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மாலை ஏனாத்தூரில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் வேறு துறை மாணவி ஒருத்தி.

"மேம், நாளைக்கு லீவாமே?"

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும் பேசிக்கினு இருக்காங்க மேம். மேத்ஸ் மேமே கிளாஸ்ல சொன்னாங்களாம்."

"அந்த மேம் நான்தான்மா. அது சும்மா உதாரணத்துக்கு..."

நான் முடிப்பதற்குள், "அப்ப கன்ஃபார்ம்" என்று போனில் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சமன்பாடு சரியாகத்தான் வேலை செய்கிறது.

நாளை லீவு இல்லை. இதையும் நாலு பேருக்கு அனுப்புங்கள், எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்ப்போம்.