முன் அனுபவம்: இல்லை

எங்கள் அக்காவைக் கீலக்கா என்றால்தான் ஊரில் தெரியும். ஒரு தகரக் கொட்டகையில் பத்தொன்பது வருஷமாகக் கதவுக்கீல் செய்கிறாள். முதல் நாளிலிருந்து அவளிடம் வேலை பார்ப்பவர், கீல் வெட்டும் இரும்பு அச்சுகளைச் செய்யும் அச்சுக்காரர். தகடு வெட்டும் பழைய பிரஸ் மெஷின் அவருடைய இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. இப்போது அதே மெஷினில் உட்கார்ந்திருப்பது அவர் மகள்.

கை உள்ளே போனால் தானாக நின்றுவிடும் மெஷினுக்கு அரசாங்கம் பாதி விலை தருகிறது என்று கேள்விப்பட்டு, நானும் அக்காவும் ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். அந்த உதவி புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமாம். இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தவளுக்குக் கிடையாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி நல்ல மனுஷர்தான். அவரே வழியும் சொன்னார்.

"பழசை மூடிட்டதா எழுதிக் குடுங்க. வேற பேர்ல புதுசா ஆரம்பிங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள."

அக்கா பேனாவைத் தொடவில்லை. ஒரே இடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தால்தான் அச்சுக்காரருக்கு ஓய்வூதியம். இன்னும் பதினோரு மாதம் பாக்கி. மூடிவிட்டோம் என்று எழுதினால் அத்தனையும் போச்சு.

"அவர் வயித்துல அடிச்சு எனக்கு மெஷின் வேண்டாம்டா," என்றாள். படிவம் அலமாரிக்கு மேலே போய்விட்டது.

அடுத்த வாரம் அச்சுக்காரர் மகளின் சட்டைக்கை பிரஸ்ஸில் சிக்கியது. துணி கிழிந்ததோடு போயிற்று. சிரித்துக்கொண்டேதான் வந்து காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. நேரே போய்ப் படிவத்தை எடுத்து, தூசி தட்டி, அக்கா முன்னால் வைத்தார்.

"போடு தங்கச்சி."

"அண்ணே, பதினோரு மாசம்தாண்ணே. பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

"அதுவரைக்கும் இவ கைக்கு நீ பொறுப்பா?"

அக்கா அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள்.

புது மெஷின் வந்த அன்று, வேறு யாரையும் தொடவிடாமல், அவர் தன் மூன்று விரல் கையை உள்ளே நீட்டினார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. மெஷின் நின்றது. "பரவால்ல, சொன்ன பேச்சைக் கேக்குது," என்றார்.

பிறகு புதுக் கம்பெனியில் அச்சுக்காரரைச் சேர்க்கும் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பழைய இடத்தை எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும். 'முன் அனுபவம்' என்ற கட்டம் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா முழிக்கிற? இல்லைன்னு போடு."

போட்டேன். அதற்குக் கீழே இடது பெருவிரல் ரேகை வேண்டும். அவர் அந்தக் கையை மேஜைமேல் விரித்து, விரலை மையில் தோய்த்து, அழுத்தி வைத்தார்.