பால் டேங்க் கழுவிய அக்கா

ஜெயமங்கலம் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அங்கே எவர்சில்வர் டேங்கைக் கழுவ ஓர் அக்கா வருவார். ஒல்லியான உடம்பு, தலையில் கட்டிய ஈரத்துண்டு, சலவைச் சோடாத் தண்ணீர் பட்டு வெளுத்துப்போன விரல்கள். இரும்பு நாரைத் தொடவே மாட்டார். "கீறல் விழுந்தா அதுல பால் தங்கி நாறிப்போகும்" என்று மெத்தென்ற பிரஷால்தான் தேய்ப்பார்.

ஒருநாள் காலை, அவர் கழுவி முடித்துப் போய்விட்டார் என்று நினைத்து, பாலைக் கலக்கும் மோட்டாரை ஓட்டிப் பார்க்க ஸ்விட்சை அழுத்தினேன். ஓடவில்லை. மறுபடியும் அழுத்தினேன்.

"யாரு தம்பி அங்கன?"

டேங்குக்குள்ளிருந்து அவர் குரல்.

ஸ்விட்சிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தேன். அவர் குனிந்து தேய்க்கிற இடத்தில்தான் அந்த மோட்டாரின் தகடு சுற்றும்.

அவர் ஏணியில் ஏறி வெளியே வந்தார்.

"நீங்க உள்ள இருக்கீகன்னு தெரியாதுக்கா. ஸ்விட்சைப் போட்டுட்டேன்" என்றேன்.

"தெரியாமத்தான் போடுவாக. அதுக்குத்தான் இது" என்று மடியிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்து என் கையில் வைத்தார். "மாட்டி விடுங்க தம்பி, பால் வண்டி வந்துரும்."

மேனேஜரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாளும் அதே டேங்குக்குள் இறங்கினார். அவர் வெளியே வரும்வரை நான் ஸ்விட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றேன்.

பியூஸைக் கழற்றிக்கொண்டு இறங்கும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்கப் பலமுறை வாயெடுத்தேன். எனக்கு முன்னால் யாராவது அந்த ஸ்விட்சை அழுத்தி, அன்று மோட்டார் ஓடியிருக்குமோ என்ற பயத்தில், கடைசிவரை கேட்கவே இல்லை.