ஓர் ஆளின் இரண்டு குரல்

பச்சையப்பன் மாமா இறந்துவிட்டார் என்பதை அப்பா கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா கைப்பேசியில் தன் காவல் கம்பெனியின் சூப்பர்வைசர் சிவாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஐயோ" என்று சொல்லவில்லை. "சட்டையக் கழட்டிட்டியா?" என்றுதான் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யூனிபார்மோட பச்சையப்பன எவனும் பாக்கக்கூடாது. அவருக்கு லீவு, சும்மா கேட்டுப் பக்கம் பேச வந்தவரு செத்துட்டாருன்னு சொல்லு," என்றார்.

மாமாவைத் தெரிந்தவர்களே, நாளைக் காரியத்தில் வாசிக்க ஓர் அஞ்சலி எழுதித் தரும்படி அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். "உனக்குத்தான் தமிழ் நல்லா வரும். கம்பெனி அவரக் குடும்பமா பாத்துக்கிச்சுன்னு போடு." அந்தத் தாள் ஒரு வரியோடு நிற்கிறது. இது வேறு தாள். அப்பா இருமும் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து எழுதுகிறேன்.

மாமா சுங்கை பெசார் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர்; பிறகு அப்பாவின் கம்பெனியில் காவலரானார். அவருடைய உயரமும் மீசையும் உங்களுக்குத் தெரியும். நகராண்மைக் கழகத்தின் காவல் குத்தகைக்கு அப்பா டெண்டர் போடும்போதெல்லாம், அதிகாரிகள் முன் நிறுத்த மாமாவைத்தான் அழைத்துப் போவார். அதற்கென்றே பொத்தான் மின்னும் புதுச் சட்டை ஒன்று உண்டு. திரும்பி வந்ததும் அதைக் கழற்றி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கள் வீட்டு அலமாரியில் தொங்கவிடுவார்கள். ஒருமுறை அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாமா அம்மாவிடம் சொன்னார்: "டெண்டரு என் மீசைக்குத்தான் தங்கச்சி கிடைக்குது. எனக்குக் கிடைக்கிறது குப்ப லோரிக் கொட்டாதான்."

குப்பை லோரிகள் நிற்கும் அந்த இடத்துக்கு இரவில் இரண்டு காவலர் வேண்டும் என்பது குத்தகையின் விதி. அப்பா சாப்பாட்டு மேசையில் விலை போட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

"மத்தவன் ரெண்டு ஆளுக்குக் கணக்குப் பாப்பான். நம்ம ஒரு ஆளுக்குப் பாத்து ரெண்டுன்னு எழுதணும். அப்பத்தான் நம்ம வெல கம்மியா இருக்கும். அதான்லா பிசினஸ்."

"நிக்கப் போறது அண்ணன் ஒருத்தர்தானே?" என்றார் அம்மா.

"ஆளு எவ்வளவு பெருசு! ரெண்டு பேருக்குச் சமம்."

அம்மா சிரிக்கவில்லை. அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே மீனை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

டியூஷன் முடிந்து நான் பஸ்ஸிலிருந்து இறங்குவது அந்தக் கேட்டுக்கு எதிரில்தான். இருட்டில் யாராவது நெருங்கினால் மாமா கனத்த குரலில், "யாரது? ஆள் இருக்கு!" என்பார். உடனே கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல், "ஆமாண்ணே, நானும் இருக்கேன்!" என்று பதில் சொல்லும். பின்னால் யாரும் இல்லை. அந்தக் குரலும் மாமாவுடையதுதான். இரும்புத் திருடர்கள் இரண்டு பேர் இருப்பதாக நம்ப வேண்டுமே! அந்த இல்லாத ஆளுக்குக் கோவிந்தன் என்று பெயரும் வைத்திருந்தார்.

"கோவிந்தன் சோறு கேக்க மாட்டான், லீவு கேக்க மாட்டான். உங்கப்பாவுக்கு ஏத்த ஆளு பாப்பா."

கடைசி மாலையும் அவர் அங்கே இருந்தார். தேய்ந்த யூனிபார்ம் சட்டையின் மேல் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "காத்துப் புடிச்சிருக்கு. கோவிந்தன நிக்க வச்சிட்டுப் போகலாம்னா, அவன நம்ப முடியாதும்மா," என்றார். நான் சாலையைக் கடந்தபோது முதுகுக்குப் பின்னால் இரண்டு குரலும் கேட்டன. இருட்டில் எனக்குத் துணையாகத்தான் அப்படிக் கூப்பிட்டார்.

இழவு வீட்டில் அப்பா அந்தப் புதுச் சட்டையைக் கொண்டுவந்து மாமாவுக்குப் போட வைத்தார். வேலையில் செத்தவரின் சட்டையைக் கழற்றச் சொன்ன அதே வாய், "கம்பெனி மரியாதை" என்றது. கண்ணீர்கூட வந்தது அவருக்கு. மாலை போட்டுப் படம் எடுத்த பிறகு சிவாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் படத்த எடுத்து வை. அடுத்த டெண்டர்ல தொழிலாளர் நலன்னு ஒரு பக்கம் கேக்குறாங்க." நான் எழுந்து வெளியே போனேன். ஊதுபத்தி வாசம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மாமாவின் மனைவி அஞ்சலை அத்தை எல்லாரையும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தார். "யூனிபார்ம் போட்டுத்தான்யா வீட்ட விட்டுப் போனாரு. வேலையில நின்னத யாருமே பாக்கலியா?" வேலையில் செத்தார் என்றால்தான் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவி கிடைக்கும். அப்படிச் சொன்னால் விசாரணை வந்து, அங்கே ஒரே ஆள்தான் நின்றார் என்பதும் வெளியே வரும். அப்பாவின் குத்தகை போய்விடும். அத்தை என் முகத்தைப் பார்த்தார். "நீ அந்தப் பக்கந்தானே பஸ் எறங்குவ, கண்ணு?" நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. "அவளுக்குப் பரீச்ச. எங்கயும் போகல," என்றார். அந்தக் கையின் கனம் இன்னும் போகவில்லை.

மாமாவின் மீசையை அப்பாவின் கம்பெனி எடுத்துக்கொண்டது. புதுச் சட்டை அவரோடு எரிந்துவிட்டது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, ஆளில்லாத இடத்திலிருந்து அவர் பேசிய அந்த இரண்டாவது குரலை. நாளை அத்தை அதே கேள்வியைக் கேட்பார். கேட்காவிட்டாலும் நான் எழுந்து நிற்பேன். அப்பா பக்கத்தில்தான் இருப்பார். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. குரல் மெல்லியதாகத்தான் வரும்.

ஆமாம் அத்தை, அவர் வேலையில்தான் இருந்தார். நானும் இருந்தேன்.